சொல்லிவிட்டு மாற்றுவதா, உடம்பைத் தொடாமலே விடுவதா?

போட்டோஷாப்பில் 'லிக்விஃபை' என்று ஒரு கருவி இருக்கிறது. பிரஷ்ஷை இடுப்பின் ஓரத்தில் வைத்து உள்ளே தள்ளினால் போதும், பிசைந்த மாவு மாதிரி உடம்பு ஒடுங்கிவிடும். சில நிமிட வேலைதான். ஃபேஷன் படங்களில் இதை என்ன செய்வது என்பதற்கு இரண்டு வழிகள் நடைமுறையில் இருக்கின்றன. மாற்றலாம், ஆனால் மாற்றியதைச் சொல்லிவிட வேண்டும் என்பது ஒன்று. உடம்பின் வடிவத்தைத் தொடவே கூடாது என்பது மற்றொன்று.

முதல் வழி சட்டத்தின் வழி. இஸ்ரேல் 2012-லேயே இப்படி ஒரு சட்டம் போட்டது. பிரான்சில் 2017 அக்டோபர் 1 முதல், மாடலின் உடலை மெலிய வைத்தோ பருக்க வைத்தோ வெளியிடும் விளம்பரப் படத்தில் 'திருத்தப்பட்ட படம்' என்ற வாசகம் இருக்க வேண்டும். மீறினால் அபராதம் 37,500 யூரோ. விளம்பரச் செலவில் 30 சதவீதம் வரைகூடப் போகலாம். நார்வே 2022 ஜூலையில் இதைச் சமூக ஊடகத்தில் காசு வாங்கிக்கொண்டு விளம்பரம் செய்பவர்களுக்கும் விரித்தது. இஷ்டப்பட்டால் செய், இல்லையென்றால் விடு என்ற பேச்சே இல்லை. அது பெரிய பலம்.

ஆனால் அந்த வாசகம் பார்ப்பவருக்கு உதவுகிறதா? எச்சரிக்கை வாசகத்தோடு படங்களைக் காட்டிச் செய்த பல ஆய்வுகளில், பார்த்தவர்களுக்குத் தங்கள் உடம்பின் மேல் இருந்த அதிருப்தி குறையவில்லை. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. பொய் என்று தெரிந்தாலும் கண் ஒப்பிட்டுப் பார்க்கத்தான் செய்கிறது. மாற்றியவர் ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். "இதை நம்பாதே" என்று மனதோடு மல்லுக்கட்டும் வேலை பதினைந்து வயதுப் பெண்ணின் தலையில் விழுகிறது. இது நியாயமே இல்லை.

இரண்டாவது வழியில் அந்த வேலை படம் தயாரிப்பவரிடமே நின்றுவிடுகிறது. ஏரி (Aerie) என்ற அமெரிக்க உள்ளாடை நிறுவனம் 2014-ல் மாடல்களின் படங்களைத் திருத்துவதை நிறுத்தியது. பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் படங்களை விற்கும் கெட்டி இமேஜஸ் நிறுவனம், பிரெஞ்சு விதி நடைமுறைக்கு வந்த அதே நாளிலிருந்து, உடல் வடிவத்தை மாற்றிய படங்களை வாங்குவதில்லை என்று அறிவித்தது. பருவை அழிக்கலாம், முடியின் நிறத்தை மாற்றலாம். உடம்பை ஒடுக்கக் கூடாது. நல்ல எல்லைக்கோடு இது. பரு ஒரு வாரத்தில் போய்விடும், உடல்வாகு அப்படிப் போவதில்லை. குறை என்னவென்றால், ஏற்கெனவே மிக ஒல்லியான மாடலைத் தேர்ந்தெடுத்துவிட்டால் லிக்விஃபையே தேவைப்படாது. இஸ்ரேல் சட்டம் இதையும் விடவில்லை; மாடல்களின் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு, 18.5-க்குக் குறையக் கூடாது என்றும் சொல்கிறது.

சரி, படத்தில் இருப்பவரை யாராவது கேட்டார்களா? 2015-ல் ஒரு பத்திரிகை நடிகை ஸெண்டாயாவின் இடுப்பையும் உடலையும் மெலிய வைத்தபோது, அவர் அசல் படத்தையே வெளியிட்டுக் காட்டினார். அப்போது அவருக்கு வயது 19. நடிகை லுபிடா நியோங்கோவுக்கு 2017-ல் பிரிட்டனின் கிராஸியா பத்திரிகை அட்டைப்படத்தில் நேர்ந்தது இன்னும் வலிக்கிறது: அவருடைய சுருள்முடியில் ஒரு பகுதியை அழித்து, மீதியை வழுவழுப்பாக்கியிருந்தார்கள். பிரெஞ்சு வாசகமும் கெட்டியின் தடையும் உடல் வடிவத்தை மட்டும் பார்ப்பவை. முடி இரண்டிலும் சிக்காது.

இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் தொடாதே என்பதன் பக்கம்தான். அதோடு ஒன்றைச் சேர்ப்பேன். பொதுவாக மாடலிடம் சம்மதக் கையெழுத்து வாங்குவது படம் எடுக்கும் சமயத்தில். திருத்தி முடித்த படத்தை அவரிடம் காட்டி, இன்னொரு கையெழுத்து வாங்க வேண்டும். அதைப் போட மறுக்கும் உரிமையும் அவருக்கு இருக்க வேண்டும்.