0.36 அங்குல நீள்துப்பாக்கி: கட்டியதும் சுட்டதும்

குழல் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் குழலின் உள்விட்டம் எந்த அளவு இருந்தால் நல்லது என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது 0.36 அங்குலம். சில வருடங்களாக என் கையில் இருப்பதும் அதுதான்.

ஒஹையோவில் ஜிம் கிப்ளர் விற்கும் சதர்ன் மவுண்டன் ரைஃபிள் கிட்டிலிருந்து (நாமே பொருத்திக்கொள்ளும் பாகங்களின் தொகுப்பு) கட்டினேன். அப்பலாச்சிய மலைக்காரர்கள் அணில் வேட்டைக்கு வைத்திருந்த ஒல்லியான, அலங்காரமில்லாத வகை. கணினி இயந்திரத்தில் கடைந்த கட்டை என்பதால் குழலும் விசையும் அழகாகப் பொருந்திவிடும். நமக்கு மிச்சம் இழைப்பும் மெருகும். அதிலும் மேப்பிள் கட்டைக்கு நிறம் ஏற்றுவது தனி ஆனந்தம். இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலத்தைப் பூசினால் முதலில் அழுக்குப் பச்சையாகத் தெரியும். சூட்டுக்காற்றைக் காட்டக் காட்டச் செம்பழுப்பாக மாறி, மரத்தின் வரிகள் குறுக்கே எழும்பி வரும். அமிலமாச்சே, கையுறையும் வெட்டவெளியும் கட்டாயம்.

செலவு மிகக் குறைவு. ஒரு குண்டு சுமார் 65 கிரெயின் (ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின்). ஒரு பவுண்டு ஈயத்தில் நூறுக்கு மேல் வார்க்கலாம். ஒரு வெடிக்கு 25 கிரெயின் மருந்து போட்டால் ஒரு பவுண்டு 280 தடவைக்கு வரும். தோளில் உதையே தெரியாது. 25 கஜத்தில் அருமை. 50 கஜத்தில் காற்றடித்தால் குண்டு விலகும்.

இதில் பாடுபடுத்துவது கரிதான். கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக்கழிவாகவே மிஞ்சும். குழல் குறுகலானதால் சீக்கிரம் இறுகிவிடும். அதனால் ஒவ்வொரு வெடிக்கும் ஈரத்துணி விட்டுத் துடைக்கிறேன். இல்லையென்றால் அடுத்த குண்டு பாதி வழியில் நிற்கும், அதை வலிந்து தள்ளினால் குண்டை இறக்கும் மெல்லிய ஹிக்கரி மரக் கோல் முறியும். கோலை மேலே பிடித்து அழுத்தாமல், குழல் வாய்க்குச் சாண் உயரத்தில் பிடித்துச் சிறிது சிறிதாக இறக்குங்கள். 0.32-இல் கோல் இன்னும் மெலிது, நான் 0.36-ஐச் சொல்வதற்கு அதுவே முக்கியக் காரணம்.

சுட்ட அன்றே தண்ணீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசிவிட வேண்டும். அந்தக் கரி ஈரத்தை இழுக்கும், துரு பிடித்துவிடும். அப்புறம், புகையில்லா நவீன மருந்தை இதில் போடவே கூடாது, குழலே வெடிக்கும்.

வாங்குமுன் கையில் எடுத்துப் பார்க்க இந்தியானாவின் ஃபிரெண்ட்ஷிப் என்ற ஊர் நல்ல இடம். இவ்வகைத் துப்பாக்கிகளுக்கென்று 1933-இல் தொடங்கிய அமெரிக்கத் தேசிய சங்கத்தின் போட்டிகள் அங்கேதான் நடக்கின்றன.