சுங்கை சிப்புட் ஓட்டு: 2004-இல் ஒன்று, 2008-இல் வேறு

சுங்கை சிப்புட் இருக்கும் மலேசியாவின் பேராக் மாநிலச் சட்டமன்றத்துக்கு 59 தொகுதிகள். 2004 தேர்தலில் அப்போது ஆண்ட தேசிய முன்னணி 52-ஐப் பிடித்தது, எதிர்க்கட்சியான ஜசெகவுக்கு (ஜனநாயக செயல் கட்சி) 7. அதைப் பற்றிப் பேச அதிகமில்லை. எங்கள் பக்கத் தோட்டங்களில் முன்னணியின் தராசைத் தவிர வேறு சின்னத்தைப் பலரும் திரும்பிப் பார்க்காத காலம் அது. 1974 முதல் சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதி முன்னணியின் உறுப்புக் கட்சியான ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) சாமிவேலு கையில்தான் இருந்தது.

2008 மார்ச் 8 தேர்தல் அப்படியில்லை. இந்தியர் உரிமை கேட்டு 2007 நவம்பரில் நடந்த ஹிண்ட்ராப் பேரணியின் சூடு தணியவில்லை. ஜசெக, பாஸ் (இஸ்லாமியக் கட்சி), மக்கள் நீதிக் கட்சி என மூன்று எதிர்க்கட்சிகளும் சேர்ந்து 31 இடங்களை வென்றன, முன்னணிக்கு 28. அதில் ம.இ.கா.வுக்கு ஒன்றுகூட இல்லை. வேடிக்கை என்னவென்றால், ஜசெகவிடம் 18 பேர் இருந்தும் மந்திரி பெசார் (மாநில முதல்வர்) பதவி 6 பேர் வைத்திருந்த பாஸுக்குப் போனது. ஜசெகவின் சிவகுமார் சபாநாயகர் ஆனார்.

சுங்கை சிப்புட்டில் எதிர்க்கட்சி வேட்பாளர் டாக்டர் ஜெயகுமார் சாமிவேலுவைத் தோற்கடித்தார். ஆனால் அதே தொகுதிக்குள் இருக்கும் லிந்தாங் சட்டமன்ற இடம் முன்னணியிடமே நின்றது, ஜாலோங் ஜசெகவுக்கு. ஆக, எல்லாரும் ஒரேயடியாக மாறிவிட்டார்கள் என்று சொல்வது கொஞ்சம் மிகை.

நிலைத்த ஆட்சி வேண்டும் என்பவர்களுக்கு 2004 பிடிக்கலாம். எனக்கு 2008-தான், 2009 பிப்ரவரியில் ஆளுங்கூட்டணியின் மூன்று உறுப்பினர்கள் விலகி அந்த ஆட்சி கவிழ்ந்தாலும்கூட.