ப்ரோக்கன் மலை ரயில்: எட்டு வருடமாக எஞ்சினுக்குப் பின்னால்

வேலைக்காக ஜெர்மனி வந்த புதிதில், பக்கத்தில் ப்ரோக்கன் மலைக்கு நீராவி ரயில் இருக்கிறதே என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கிளம்பும் அடிவார ஊரான வெர்னிகெரோடே போனேன். அதற்கப்புறம் எட்டு வருடமாக, வருடத்துக்கு மூன்று தடவையாவது ஏறிவிடுகிறேன். வீட்டில் ‘மறுபடியுமா?’ என்று கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார்கள்.

மேட்டுப்பாளையத்துக்காரன் நான். முதல் நாள் கண் தேடியது பல்சக்கரத்தைத்தான். நம்முடையதைப் போலவே மீட்டர் கேஜ், ஆனால் நடுவில் பல்தண்டவாளம் கிடையாது. நீலகிரியில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். இங்கே 30 அடிக்கு ஓர் அடி. அதனால் வெறும் சக்கரப் பிடிமானத்திலேயே 1,125 மீட்டர் உயரத்துக்கு ஏறிவிடுகிறது. ஏற்றத்தை மிச்சம் பிடித்ததற்கு வளைவுகளில் செலவழித்திருக்கிறார்கள். கடைசியில் பாதை மலையையே ஒன்றரைச் சுற்று சுற்றித்தான் உச்சிக்குப் போகிறது.

பெரும்பாலும் இழுப்பது 1954-56-ல் பாபெல்ஸ்பெர்கில் கட்டிய 17 எஞ்சின்களில் ஒன்று. தனி டெண்டர் கிடையாது, தண்ணீரும் கரியும் எஞ்சினிலேயே. இரண்டு பக்கமும் ஓடும் என்பதால் மேலே போய்த் திருப்ப வேண்டாம். கழற்றி மறுமுனையில் மாட்டினால் போதும், பின்பக்கமாகவே இறங்கிவிடும்.

ஆனால் ஐந்து ஜோடி பெரிய சக்கரங்கள், முன்னும் பின்னும் ஒரு ஜோடி சின்னது. இவ்வளவு நீளம் எப்படித் திரும்பும்? ஒரு தாம்பாளத்தின் உள்விளிம்பில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். இரண்டு முனையும் இடிக்கும், நடுப்பகுதி விலகி நிற்கும். இந்த மாதிரி எஞ்சின்களில் அதற்காகத்தான் சில அச்சுகள் பக்கவாட்டில் கொஞ்சம் நகர இடம் விடுவார்கள், தண்டவாளத்தின் உள்பக்கமாக இறங்கி நிற்கும் நடுச்சக்கரத்தின் விளிம்பை மெலிதாக்குவார்கள் அல்லது எடுத்தே விடுவார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க முதல் பெட்டியின் திறந்த மேடையில் நிற்க வேண்டும். ஸ்டைனர்னே ரென்னே நிலையம் தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். நம் பெட்டி இன்னும் நேராக இருக்கும். முன்னால் கரித்தொட்டி மட்டும் ஒரு பக்கமாக ஒதுங்கி, நடுவில் ஒரு கை அகலத்துக்குக் காடு தெரியும். கூடவே கீ...ச் என்று இரும்பு உரசும் சத்தம். மழை பெய்தால் அது அடங்கிவிடும், ஆனால் அன்றைக்குச் சக்கரம் வழுக்கும். சீராக வந்துகொண்டிருந்த எஞ்சினின் மூச்சு திடீரென்று படபடவென்று எகிறும்; டிரைவர் நீராவியைக் குறைத்து, பிடிமானத்துக்காகத் தண்டவாளத்தில் மணல் விட்டதும் பழையபடி நிதானத்துக்கு வரும். எனக்கு அந்த இரண்டு விநாடிக்காகவே டிக்கெட் எடுக்கலாம்.

1897-ல் வந்த மாலே வகை எஞ்சினும் சில விசேஷ நாட்களில் ஓடும். அதில் இரண்டு ஜோடி சக்கரம் பின்னால் அசையாமல், இரண்டு ஜோடி முன்னால் கொதிகலனுக்கு அடியில் தனியாகத் திரும்பும். வளைவில் அதுதான் ஒசத்தி, சந்தேகமே இல்லை. ஆனால் ஏழெட்டுப் பெட்டியை இழுத்துக்கொண்டு உச்சிக்கு ஏற அதனால் முடியாது.

குறைகளும் உண்டு. கரித்தூள் கண்ணில் விழும், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். இறங்கும் பயணம் சப்பென்று இருக்கும், எஞ்சினுக்கு வேலையே இல்லை. நான் இப்போதெல்லாம் மேலே போக மட்டும் டிக்கெட் எடுத்து, கீழே இருக்கும் ஷீர்க்கே ஊர் வரை நடந்தே இறங்கிவிடுகிறேன். கோடையில் வறட்சி அதிகமானால் நீராவிக்குப் பதில் டீசல் எஞ்சின் வரலாம். பட்டைவண்டு தாக்கி ஸ்ப்ரூஸ் மரங்கள் மலை முழுக்கச் சாம்பல் நிறத்தில் காய்ந்து நிற்கின்றன. அங்கே ஒரு பொறி விழுந்தால் என்ன ஆகும்? ஏமாற்றம்தான், ஆனால் சரியான முடிவு.

போன குளிர்காலம் அப்பாவைக் கூட்டிப் போனேன். உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் கோதேவேக் என்று ஓர் இடம். ஏறும் ரயில் முன்னால் போய், பின்னோக்கி ஒரு முட்டுப்பாதைக்குள் நுழைந்து நிற்கும். வண்டி பின்னால் நகர்ந்ததும் அப்பா எழுந்துவிட்டார்.

“என்னடா, வழி தப்பிட்டானா?”

“இல்லப்பா, எதிர்வண்டிக்கு வழி விடறாங்க.”

வெளியே மூடுபனி, பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. முதலில் அந்தக் கீச்சு சத்தம்தான் வந்தது. “வளைவுல வருது” என்றார் அப்பா, ஜன்னலை இறக்கிக்கொண்டே.