கார்னெல், வெனெட்டா, ஃபில்மோர்: கிரேட்ஃபுல் டெட்டை எந்தக் கச்சேரியிலிருந்து தொடங்குவது?

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவைக் கேட்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் வரும் சிக்கல், கேட்க எக்கச்சக்கமாக இருப்பதுதான். 1965-ல் தொடங்கி, கிடார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இறந்த 1995 வரை, 2,300-க்கும் மேற்பட்ட கச்சேரிகள். அவற்றில் பெரும்பகுதி ஏதோ ஒரு வடிவில் பதிவாகியிருக்கிறது. ஒரு பாட்டை இரண்டு நாள் ஒரே மாதிரி வாசிக்காத குழு என்பதால், 'இந்தப் பாட்டைக் கேளுங்கள்' என்று சொன்னால் போதாது. எந்த ஊர், எந்தத் தேதி என்றும் சொல்ல வேண்டும். ஸ்டுடியோ ஆல்பங்களை மட்டும் கேட்டு இவர்களை எடைபோட்டவர்கள் பாதிக் குழுவைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

குழுவின் ஒலிப்பதிவுப் பெட்டகத்தில் கிடந்த ரீல்களை எடுத்து வெளியிடும் வேலை 1991-ல் சூடுபிடித்தது. 1993-ல் பெட்டகக் காப்பாளர் டிக் லாட்வாலா தேர்ந்தெடுத்த 'டிக்ஸ் பிக்ஸ்' வரிசை ஆரம்பித்து 36 தொகுதிகள் வரை போனது. 1999-ல் அவர் இறந்த பிறகு டேவிட் லெமியூ பொறுப்பேற்றார். 2012 முதல் 'டேவ்ஸ் பிக்ஸ்' ஆண்டுக்கு நான்கு வருகின்றன. இந்தக் குவியலில் புதியவர்களுக்கு எல்லோரும் சிபாரிசு செய்வது பெரும்பாலும் மூன்று: 1977 மே 8 கார்னெல், 1972 ஆகஸ்ட் 27 வெனெட்டா, 1969-ன் ஃபில்மோர் வெஸ்ட் இரவுகள். மூன்றும் ஒரே குழுதான், ஆனால் மூன்று வெவ்வேறு இசை. என் ஓட்டு வெனெட்டாவுக்கு. அதற்கான காரணம் புரிய, கார்னெலை முதலில் நன்றாகக் கேட்க வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தின் இதகா ஊரில், கார்னெல் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள பார்ட்டன் ஹால், ராணுவப் பயிற்சிக்காகக் கட்டப்பட்ட பெரிய கூடம். மே மாதமாகியும் அன்றிரவு பனி கொட்டியது. இந்தக் கச்சேரியின் பதிவை அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்ததாக 2012-ல் அறிவித்தது. அதற்கும் ஐந்து ஆண்டுகள் கழித்து, 2017 மே மாதத்தில்தான் அதிகாரபூர்வமாக மூன்று சிடியாக வெளிவந்தது. விற்பனைக்கே வராத ஒன்று அவ்வளவு புகழ் பெற்றிருந்தது என்றால், அந்தப் பெருமையில் பாதி பெட்டி கேன்டர்-ஜாக்சனுக்குச் சேரும்.

குழுவின் ஒலிப்பதிவாளர் அவர். அந்த நாட்களில் மேடையிலிருந்து வந்த ஒலியைத் தன் காதை நம்பி அங்கேயே கலந்து இரண்டு டிராக்கில் ரீலில் ஏற்றினார். பின்னால் 1986-ல் அவர் பணக் கஷ்டத்தில் இருந்தபோது, ரீல்களை வைத்திருந்த கிடங்கின் வாடகை பாக்கிக்காக எல்லாம் ஏலத்தில் போயின. ஏலம் எடுத்தவர்கள் வழியாக அவற்றின் பிரதிகள் ரசிகர்களிடம் பரவின. காசெட்டிலிருந்து காசெட்டாகப் பிரதி எடுத்து எடுத்து 'உஸ்' என்ற இரைச்சல் ஏறிப்போனதையே பெரும்பாலும் கேட்டுவந்தவர்களுக்கு, ஃபில் லெஷின் பேஸ் கிடார் ஒவ்வொரு ஸ்வரமாகத் தனித்துக் கேட்டது எப்படி இருந்திருக்கும்! கார்னெலின் புகழில் அந்தத் துல்லியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. வாசிப்பு மட்டுமே காரணம் என்று சொல்பவர்களோடு நான் உடன்பட மாட்டேன்.

அதற்காக வாசிப்பு சோடையில்லை. அந்த ஆண்டு அவர்கள் 'டெரபின் ஸ்டேஷன்' ஆல்பத்துக்காகத் தயாரிப்பாளர் கீத் ஓல்சனிடம் ஸ்டுடியோவில் கறாராகப் பயிற்சி எடுத்திருந்தார்கள். அந்த ஒழுங்கு மேடையில் அப்படியே தெரிகிறது. இரண்டாம் பாதி 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' பாட்டில் ஆரம்பித்து 'ஃபயர் ஆன் த மவுன்டன்' பாட்டுக்குள் போகிறது. இந்த இரண்டையும் அவர்கள் முதன்முதலாகச் சேர்த்து வாசித்தது அதே ஆண்டு மார்ச் 18-ல். அதாவது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சொற்கள் முடிந்ததும் முதல் பாட்டின் தாளம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுகிறது. லெஷ் அடுத்த பாட்டின் அடியைத் தொட்டுத் தொட்டு விலகுகிறார், கார்சியா இன்னும் பழைய பாட்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார், டிரம்மர்கள் இருவரும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்கிறார்கள். எந்த இடத்தில் ஒன்று முடிந்து இன்னொன்று ஆரம்பித்தது என்று கைவைத்துக் காட்ட முடியவில்லை. அடுத்து வருவது 'எஸ்டிமேட்டட் ப்ராஃபெட்'. ஏழெண்ணிக்கைச் சுழற்சி. தாளம் போட்டுப் பழகிய நம் கைக்கு இது உடனே பிடிபடும், ராக் கேட்டே வளர்ந்தவர்களுக்குத்தான் கொஞ்சம் இடறும்.

கடைசியில் 'மார்னிங் டியூ'. அணுகுண்டுக்குப் பிறகு மிஞ்சிய உலகத்தைப் பற்றிய பாட்டு. கிசுகிசுப்பாகக் குறைந்துபோன கிடார், கூடத்தையே ஆட்டும் அளவுக்கு மெல்ல மெல்ல ஏறி, கார்சியா தந்திகளை மொத்தமாக வாரி அடிக்கும் கட்டத்தில் உச்சம் தொடுகிறது. இதைக் கேட்டும் மனம் அசையாதவர்களுக்கு இந்தக் குழு ஒத்துவராது என்றே சொல்லிவிடலாம்.

அப்படியிருந்தும் ஏன் கார்னெல் இல்லை? அதன் பயணம் எல்லாமே போக வேண்டிய இடம் தெரிந்த பயணம். முன்திட்டமில்லாமல் சேர்ந்து வாசித்துப் போகும் எந்த ஜாமும் வழி தவறுவதில்லை. இடையில் விலகியிருந்த டிரம்மர் மிக்கி ஹார்ட் திரும்பி வந்து டிரம்மர்கள் இருவரானதும் தாளத்துக்குக் கனம் கூடிவிட்டது. அந்தக் கனத்தை வைத்துக்கொண்டு சட்டென்று திரும்ப முடியாது. நம் கச்சேரிக் கணக்கில் சொன்னால், கார்னெல் நிறைந்த சபையில் துளியும் பிசகாமல் பாடிய கிருதிகளின் வரிசை. வெனெட்டா, பாடகருக்கே எங்கே போகிறோம் என்று தெரியாத ஆலாபனை.

வெனெட்டா, ஆரிகன் மாநிலத்தில் உள்ள சிற்றூர். நாவலாசிரியர் கென் கீசியின் தம்பி சக்கும் அவர் மனைவி சூவும் நடத்திவந்த ஸ்பிரிங்ஃபீல்ட் கிரீமரி என்ற பால் பண்ணை நிறுவனம் பண நெருக்கடியில் இருந்தது. அதைக் காப்பாற்றத்தான் இந்த நிதிக் கச்சேரி. டிக்கெட்டைக்கூட நிறுவனத்தின் லேபிளிலேயே அச்சடித்தார்கள். திறந்தவெளி, ஆகஸ்ட் வெயில், 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூடு, குடிக்கத் தண்ணீர்ப் பற்றாக்குறை. மேடை மேற்குப் பார்த்து அமைந்ததால் மாலை வெயில் நேராக வாசிப்பவர்கள் முகத்தில் அடித்தது. சூட்டில் கிடார்கள் சுருதியைவிட்டு இறங்கிக்கொண்டே இருந்தன. பாட்டுகளுக்கு இடையே அவர்கள் சுருதி சேர்க்கப் படும் பாட்டைப் பதிவிலேயே கேட்கலாம். சில இடங்களில் குரலும் பிசிறுகிறது. மாசற்ற பதிவு வேண்டும் என்பவர்களுக்கு இது குறையாகத் தோன்றும். எனக்கு இது அந்த நாளின் உண்மை.

அன்று டிரம்மில் பில் க்ரூட்ஸ்மன் மட்டும்தான். அதுதான் எல்லாவற்றையும் மாற்றுகிறது. கார்சியா ஒரு சொற்கட்டைப் பாதியில் விட்டுத் திரும்பினால் அவரும் அதே நொடியில் திரும்புகிறார். கீத் காட்ஷாவின் பியானோ இடைவெளிகளில் நுழைந்து நுழைந்து வெளியேறுகிறது. பத்தெண்ணிக்கையில் ஆரம்பிக்கும் 'ப்ளேயிங் இன் த பேண்ட்', ஒரு கட்டத்தில் எண்ணிக்கையையே கரைத்துவிட்டு எங்கெங்கோ அலைந்து வீடு திரும்புகிறது. ஜானிஸ் ஜாப்ளினின் நினைவாக எழுதப்பட்ட 'பேர்ட் சாங்' இவ்வளவு மென்மையாக அமைந்த இன்னொரு நாளை நான் கேட்டதில்லை.

பிறகு 'டார்க் ஸ்டார்'. அரை மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. பாட்டின் சொற்கள் அதில் மிகச் சொற்பம், மீதி முழுக்கத் தேடல். நடுவே பேஸும் டிரம்மும் மட்டும் மிஞ்சுகின்றன. மெல்லக் கிடார் திரும்பி வந்து, இசை உடைந்து, வெறும் உறுமலும் கீச்சொலியுமாக ஆகிறது. இனி இது எதுவாகவும் திரள முடியாது என்று தோன்றும்போது, அந்தச் சிதறலுக்குள்ளிருந்து, பாடகரும் கிடார் கலைஞருமான பாப் வியர் 'எல் பாசோ' என்ற கௌபாய் பாட்டை எடுக்கிறார். அச்சம் தரும் வெட்டவெளியிலிருந்து மூன்றே எண்ணிக்கையில் சுழலும் நாட்டுப்புறக் கதைப்பாட்டு! இந்தத் திருப்பத்தை எந்த ஒத்திகையாலும் கொண்டுவர முடியாது. இந்தக் குழு எதற்காகக் கொண்டாடப்படுகிறது என்று யாராவது கேட்டால் நான் போட்டுக்காட்டுவது இந்த இடத்தைத்தான்.

ஒலியிலும் வெனெட்டாவுக்கு ஒரு வசதி. பல டிராக்குகளில் பதிவானதால், 2013-ல் 'சன்ஷைன் டேட்ரீம்' என்ற பெயரில் வெளியிடும்போது ஒவ்வொரு வாத்தியத்தையும் பிரித்தெடுத்துப் புதிதாகக் கலக்க முடிந்தது. கார்னெலில் அது நடக்காது. பெட்டி கேன்டர்-ஜாக்சன் அன்றிரவு கலந்ததுதான் கலவை. அங்கே செய்ய முடிந்தது வேக ஏற்றத்தாழ்வைச் சீராக்குவது. ரீலில் பதிந்திருக்கும், காதுக்கு எட்டாத பயஸ் சிக்னலை அளவுகோலாகக் கொண்டு டேப் தள்ளாடிய இடங்களைத் திருத்தினார்கள். இரண்டும் நல்ல ஹெட்ஃபோனில் அருமையாக இருக்கின்றன. வெனெட்டாவோடு அதே நாளில் எடுத்த படமும் வருவது கூடுதல் லாபம்.

ஃபில்மோர் வெஸ்ட் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், காரணம் அது முதல் படி அல்ல. 1969 பிப்ரவரி 27 முதல் மார்ச் 2 வரை, சான் ஃபிரான்சிஸ்கோவில் நான்கு இரவுகள், 16 டிராக் கருவியில். 'லைவ்/டெட்' ஆல்பத்தின் புகழ்பெற்ற 'டார்க் ஸ்டார்' முதல் இரவில் வாசித்தது. 2005-ல் நான்கு இரவுகளும் பத்து சிடிப் பெட்டியாக 10,000 பிரதிகள் மட்டும் வந்தன. மற்றவர்களுக்கு மூன்று சிடிச் சுருக்கம். பிக்பென்னின் ப்ளூஸ் குரல், காதைக் கிழிக்கும் ஃபீட்பேக், அடங்காத இளமை. 'த லெவன்' பாட்டு பெயருக்கேற்பப் பதினொன்றில் ஓடுகிறது. இப்படிப்பட்ட கணக்குகள்மேல் ஹார்ட்டுக்கு இருந்த மோகத்துக்கு அல்லா ரக்காவின் தபலா ஒரு முக்கியக் காரணம். அந்த மோகம்தான் பின்னால் 1991-ன் 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் அவரை ஜாகிர் உசேனோடும் நம் கடம் விக்கு விநாயகராமோடும் சேர்த்து உட்காரவைத்து கிராமி வரை கொண்டுபோனது. நான்கு இரவும் 'டார்க் ஸ்டார்' வாசித்திருக்கிறார்கள் என்பதால், ஒரே பாட்டு நாளுக்கு நாள் எப்படி மாறுகிறது என்று படிக்க விரும்புகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனால் பழகாத காதுக்கு முதல் நாளே இதைக் கொடுத்தால் ஓடிவிடுவார்கள்.

கார்னெலும் வெனெட்டாவும் ஸ்ட்ரீமிங் தளங்களில் இருக்கின்றன. பாட்டாகக் கேட்டுப் பழகியவர், ஜாம் என்றால் என்னவென்றே தெரியாதவர் என்றால் கார்னெலின் இரண்டாம் பாதியை முதலில் போட்டுவிடுங்கள், அதில் வெட்கமே இல்லை. ஜாஸ் கேட்பவர், மணிக்கணக்கில் ராகம் கேட்டும் சலிக்காதவர் என்றால் நேராக வெனெட்டாவின் 'டார்க் ஸ்டார்'. நடுவில் நிறுத்தாமல் 'எல் பாசோ' முடியும் வரை கேளுங்கள். கார்னெல் பிடித்துப்போனவர்கள் அங்கேயே நின்றுவிட வேண்டாம். மறுநாள் மே 9, பஃபலோவில் அவர்கள் 'ஹெல்ப் ஆன் த வே'யில் ஆரம்பித்து 'ஸ்லிப்னாட்' வழியாக 'ஃப்ராங்க்லின்ஸ் டவர்' வரை போனது, கார்னெலையே ஒரு படி மிஞ்சும். 2017-ல் வந்த 'மே 1977' பெட்டியில் அதுவும் இருக்கிறது.