காட்டு குங்குமப்பூவா, வயல் குங்குமப்பூவா?

குங்குமப்பூன்னா நமக்கு பால்ல போடற சிவப்பு இழைதான் ஞாபகம் வரும், ஆனா அந்தச் செடிக்கு கிரீஸ்ல ஒரு காட்டு மூதாதை இன்னும் உயிரோட இருக்கு. பேரு குரோக்கஸ் கார்ட்ரைட்டியானஸ். ஏதென்ஸ் இருக்கற அட்டிகா பகுதியிலயும் சைக்ளேட்ஸ் தீவுகள்லயும் கல்லு நெறஞ்ச காஞ்ச சரிவுல தானா முளைக்கும். வயல்ல வளக்கற குரோக்கஸ் சட்டைவஸ் இதுலேர்ந்துதான் வந்துச்சு, அதுவும் அட்டிகா பக்கத்துச் செடிகளுக்குத்தான் ரொம்ப நெருக்கம்னு 2019ல வந்த மரபணு ஆய்வுகள் காட்டுச்சு. கடைல விலை வயல் வகைக்குத்தான், ஆனா செடியா பாத்தா என் ஓட்டு காட்டுக்கு.

பாக்க ரெண்டும் அப்படியே அண்ணன் தம்பிதான். ஐரிஸ் குடும்பம், மூணே மூணு மகரந்தத்தாள், மெல்லிசான புல்லு மாதிரி இலை, அது நடுவுல ஒரு வெள்ளைக் கோடு, அக்டோபர் நவம்பர் வாக்குல ஊதாப் பூ, அதுல கரு ஊதா நரம்பு. அடியில இருக்கறது கந்தம், அதாவது கிழங்கு மாதிரி மண்ணுக்குள்ள பருத்த தண்டு, உள்ள கெட்டியா இருக்கும், மேல பழுப்பு நார் வலை சுத்தியிருக்கும், வருஷா வருஷம் பழசு சுருங்கிப்போய் அது தலைமேல புதுசு உக்காந்துக்கும். இன்னொரு வேடிக்கை, மத்த குரோக்கஸ் பல வகை வெயில் போனா மூடிக்கும், இது ரெண்டும் ஒருவாட்டி விரிஞ்சா ராத்திரியும் திறந்தேதான் கெடக்கும்.

வித்தியாசம் சூல்முடியில, அதாவது மகரந்தத்த வாங்கிக்கற நுனியில ஆரம்பிக்குது, நாம காசு குடுத்து வாங்கறது அந்த மூணு சிவப்பு இழையத்தான். வயல் வகையில அது 3 செமீ வரைக்கும் நீண்டு, பாரம் தாங்காம இதழுக்கு வெளிய தொங்கும். காட்டுல இருக்கறதுக்கும் அதே சிவப்பு, வாசனையும் உண்டு, ஆனா பெரும்பாலும் குட்டை. ஒரு கிராம் தேத்தவே வயல் பூ 150 வாக்குல வேணுங்கறப்ப, காட்டுப் பூவ நம்பி வியாபாரம் பண்ண முடியாது, அதனால சமையல் கணக்குல போட்டியே இல்ல. ஆனாலும் சான்டோரினி தீவுல அக்ரோத்திரிங்கற ஊர்ல, எரிமலைச் சாம்பல் மூடி வெச்ச 3,500 வருஷத்துக்கு மேலான சுவரோவியத்துல பொண்ணுங்க குங்குமப்பூ பறிச்சுக்கிட்டு இருக்காங்க, பாறைமேல முளைச்ச செடிலேர்ந்து, அதனால அது காட்டு வகையாத்தான் இருக்கும்னு பலரும் நினைக்கறாங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். பூவுக்கு அடியில வெள்ளையா நீளமா ஒண்ணு நிக்குமே, அத காம்புன்னு நினைச்சுப்போம், அது காம்பு இல்ல, இதழெல்லாம் ஒண்ணா ஒட்டி குழாயா மண்ணுக்குள்ள இறங்குது, சூற்பை அந்தக் குழாய் அடியில, மண்ணுக்குக் கீழயே பத்திரமா இருக்கு. காட்டுச் செடியில வேற செடியோட மகரந்தம் வந்து சேந்துச்சுன்னா, பூ வாடி பல மாசம் கழிச்சு காய் மெதுவா மண்ணத் தள்ளிக்கிட்டு மேல வரும். வயல் செடியில இது நடக்கவே நடக்காது. காட்டுச் செடிக்கு குரோமோசோம் 16, ரெண்டு ரெண்டா ஜோடி சேந்துரும், வயல் செடிக்கு 24, அதாவது மூணு செட்டு, மூணு பேர ஜோடி பிரிக்க முடியுமா, அதனால சரியான மகரந்தமும் வராது, விதையும் வராது. மனுஷன் கந்தத்த தோண்டிப் பிரிச்சு நட்டாத்தான் அதுக்கு அடுத்த தலைமுறை. அதனால காஷ்மீர் பாம்போர்ல இருந்தாலும் கிரீஸ் கோசானியில இருந்தாலும் கிட்டத்தட்ட ஒரே செடியோட நகல்தான், கந்தம் அழுகல் நோய் வந்தா எதிர்த்து நிக்க வேற ரகம்னு ஒண்ணு பெருசா இல்ல. காட்டுலயோ ஒரே சரிவுல வெள்ளைப் பூ, வெளிறின ஊதா, அடர் ஊதான்னு பக்கத்து பக்கத்துல நிக்கும்.

இதுல மூணாவதா ஒரு ஆள் நுழைவான், கொல்ச்சிகம். அதுவும் இலையுதிர் காலம், அதுவும் ஊதா, அதுவும் கந்தம், ஆனா ஐரிஸ் குடும்பமே இல்ல, நம்ம செங்காந்தளோட குடும்பம், செங்காந்தள்ல இருக்கற அதே கொல்ச்சிசின் விஷம் இதுலயும் இருக்கு, தின்னா உயிரே போகும். மகரந்தத்தாள எண்ணிப் பாருங்க, மூணுன்னா குரோக்கஸ், ஆறுன்னா கைய எடுத்துடுங்க. பூக்கறப்ப அதுக்கு இலையும் இருக்காது, வசந்தத்துலதான் அகலமா வரும்.

வளக்கறதுன்னா ரெண்டுக்கும் காஞ்ச கோடை, தண்ணி தேங்காத மண்ணு. வயல் வகைக்கு கோடைல மண்ணுக்குள்ள 23லேர்ந்து 27 டிகிரி இருந்தா கந்தத்துக்குள்ள மொட்டு உருவாகும், அப்புறம் 17 டிகிரி வாக்குல குளிர்ந்தாத்தான் வெளிய வரும், நம்ம ஊர்ல சிலர் ஏசி ரூம் போட்டு இதத்தான் பண்றாங்க. கரண்ட் பில்லு கட்டி வளக்கறவங்களுக்கு சட்டைவஸ்தான் சரி, குளிர் பிரதேசத்துல தோட்டம் வெச்சிருக்கறவங்க நர்சரியில பெருக்கின கார்ட்ரைட்டியானஸ் கந்தம் கிடைச்சா யோசிக்காம வாங்கலாம், ஒண்ணு வேணாம், வேற வேற செடியா நாலஞ்சு நடுங்க, இல்லன்னா விதை பிடிக்காது.