லெஜியோனெல்லா சோதனை: கல்ச்சரா, பிசிஆரா, கிட்டா?

கட்டடத் தண்ணீரில் லெஜியோனெல்லா (தண்ணீர்த் துளியோடு மூச்சில் போனால் நிமோனியா தரும் பாக்டீரியா) இருக்கிறதா என்று சோதிக்க விசாரித்துப் பாருங்கள். ஒரு ஆய்வகம் பத்து நாள் கேட்கும், இன்னொன்று நாளைக்கே முடிவு தருகிறேன் என்னும், கடைசியில் ஒரு கிட் அரை மணி நேரம் போதும் என்னும். ஒரே சோதனையை மூன்று வேகத்தில் விற்கிறார்கள் என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துபோவோம். ஒவ்வொன்றும் தேடுவதே வேறு.

முதலில் கல்ச்சர், அதாவது கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்ப்பது. சாதாரண ஆய்வகத் தட்டில் இந்தக் கிருமி முளைக்காது. 1976-இல் பிலடெல்பியா ஹோட்டல் மாநாட்டுக்கு வந்தவர்கள் நிமோனியாவில் விழுந்தபோது, காரணத்தைக் கண்டுபிடிக்க 1977 ஜனவரி வரை ஆனதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது கரித்தூளும் ஈஸ்ட் சாறும் கலந்த கறுப்பு அகாரில் (கிருமி வளர்க்கும் கூழ்), இரும்புச் சத்தும் சிஸ்டீன் என்ற அமினோ அமிலமும் சேர்த்து வளர்க்கிறார்கள். தண்ணீரை வடிகட்டி, ஒரு பங்கை 50 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்குவார்கள்; இன்னொரு பங்கில் அமிலம் சேர்ப்பார்கள். மற்ற கிருமிகள் தட்டை ஆக்கிரமிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. அப்புறம் 36 டிகிரியில் பத்து நாள் வரை காத்திருப்பு. சந்தேகப்படும் கிருமியைச் சிஸ்டீன் இல்லாத தட்டிலும் போட்டுப் பார்ப்பார்கள்; அங்கே வளராவிட்டால் லெஜியோனெல்லாதான் என்று ஏறக்குறைய உறுதி.

இதன் பெரிய பலம், கடைசியில் உயிருள்ள கிருமி கையில் இருக்கும். நோயாளியிடம் எடுத்த கிருமியோடு ஒப்பிட்டு, இந்த ஷவரிலிருந்துதான் வந்ததா என்று பார்க்கலாம். பலவீனமும் உண்டு. குளோரினாலும் சூட்டாலும் அடிபட்ட கிருமி உயிரோடு இருந்தும் தட்டில் வளராமல் போகலாம். அந்தச் சூடும் அமிலமும் லெஜியோனெல்லாவிலும் கொஞ்சத்தைக் கொன்றுவிடும். அதனால் ‘காணப்படவில்லை’ என்று அறிக்கை வந்தால், குழாயே சுத்தம் என்று படிக்கக் கூடாது.

பிசிஆர் தேடுவது டிஎன்ஏவை. சில மணி நேரத்தில் முடிந்துவிடும், ஆனால் செத்த கிருமியின் டிஎன்ஏவும் கணக்கில் வரும். தொட்டிக்குக் குளோரின் அடித்த மறுநாள் பிசிஆர் எடுத்துவிட்டு ‘இன்னும் பாசிட்டிவ்’ என்று பதறுவது வீண் வேலை. இது தரும் எண்ணும் கல்ச்சரின் காலனி எண்ணிக்கையும் (தட்டில் முளைக்கும் கிருமித் திட்டுகளின் எண்ணிக்கை) வேறு வேறு அளவுகள். ஒன்றை மற்றொன்றாக மாற்ற நம்பகமான சூத்திரம் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2020 குடிநீர் உத்தரவு சொல்லும் லிட்டருக்கு 1,000 என்ற வரம்பு காலனி எண்ணிக்கைக்கானது. அதோடு பிசிஆர் எண்ணை வைத்துப் பார்த்தால் அர்த்தமே இல்லை.

ஆனால் நோய் பரவும்போது பிசிஆருக்கு நிகர் இல்லை. சந்தேகத்தில் பல கூலிங் டவர்கள் (பெரிய ஏசி அமைப்புகளின் தண்ணீரைக் குளிர்விக்கும் கோபுரங்கள்) இருந்தால், நெகட்டிவ் வந்தவற்றை அன்றே ஓரங்கட்டிவிட்டு மிச்சத்தைக் கல்ச்சருக்கு அனுப்பலாம். ஒரு எச்சரிக்கை: துருவும் அழுக்கும் நிறைந்த தண்ணீர் பிசிஆர் வினையையே முடக்கிவிடும். உள்-கட்டுப்பாடு (வினை ஒழுங்காக நடந்ததா என்று காட்ட மாதிரியோடு சேர்க்கும் தெரிந்த டிஎன்ஏ) வைத்துச் சோதித்தார்களா என்று கேளுங்கள். பதில் வராத ஆய்வகத்தின் நெகட்டிவை நான் நம்ப மாட்டேன்.

இடையில் லெஜியோலெர்ட் மாதிரி, கிருமியைத் திரவத்திலேயே வளர்க்கும் முறை இருக்கிறது. தண்ணீரைக் குழிகள் உள்ள தட்டில் ஊற்றி, ஏழு நாளில் எத்தனை குழி நிறம் மாறியது அல்லது கலங்கியது என்று எண்ணுவார்கள். கைவேலை குறைவு, பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்து முடிவு மாறுவதும் குறைவு. லெஜியோனெல்லாவின் பல இனங்களில், நோய்க்குப் பெரும்பாலும் காரணமான நிமோஃபிலா இனத்தை மட்டுமே பிடிக்கும். சாதாரணக் கட்டடத்துக்கு இது பெரிய குறை இல்லை. எதிர்ப்புசக்தி குன்றியவர்கள் படுத்திருக்கும் மருத்துவமனை வார்டுக்கு மற்ற இனங்களும் முக்கியம்.

அரை மணி நேரக் கிட்களில் பரவலாகக் கிடைப்பவை நிமோஃபிலாவின் முதல் செரோகுரூப்பை (இனத்துக்குள் ஒரு உட்பிரிவு) மட்டும் பார்க்கின்றன. நோயாளிகளில் அதிகம் காணப்படுவது அதுதான் என்றாலும், மற்றவற்றுக்குக் கண்ணை மூடிக்கொள்ளும் சோதனை இது. தண்ணீரில் முக்கி எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்க்கும் டிப் ஸ்லைடோ மொத்தப் பாக்டீரியாவை எண்ணுவது. அதை லெஜியோனெல்லா சோதனை என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள்.

என் தேர்வு: வழக்கமான கண்காணிப்புக்குக் கல்ச்சர் அல்லது திரவ முறை, அவசரத்துக்குப் பிசிஆர். கிட்டுக்குச் செலவழிக்கும் பணத்தில் நல்ல தெர்மாமீட்டர் வாங்கலாம். இந்தக் கிருமி பெருகுவது ஏறக்குறைய 20 முதல் 45 டிகிரிக்குள். வெந்நீர்த் தொட்டி 60-க்குக் கீழே இறங்கியதைத் தினமும் காட்டும் கருவி அதுதான்.

எந்த முறையானாலும் மாதிரி எடுப்பதில்தான் அதிகம் கோட்டைவிடுகிறார்கள். குழாயைத் திறந்ததும் வரும் முதல் தண்ணீர் அந்த ஷவர் முனையின் நிலையைச் சொல்லும். நன்றாக ஓடவிட்டபின் பிடிப்பது உள்ளே இருக்கும் குழாய்வழியின் நிலையைச் சொல்லும். எதைப் பிடித்தோம் என்று சீட்டில் எழுதாவிட்டால் முடிவுக்குப் பொருள் சொல்ல முடியாது. குளோரின் உள்ள தண்ணீர் என்றால் பாட்டிலில் குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் போகும் வழியிலேயே குளோரின் கிருமியைக் கொன்று, முடிவை அழகாக்கிவிடும். கிருமிநீக்கம் செய்த அன்றே கல்ச்சருக்கு மாதிரி எடுத்தாலும் அதே அழகான முடிவு வரும். சில நாள் கழித்து, அமைப்பு வழக்கம்போல் ஓடும்போது எடுங்கள்.