இயந்திரமா, பணமா, பட்டியலா: தேர்தல் ஆய்வுக்குத் தலைப்பு பிடித்த கதை

முனைவர் பட்ட ஆய்வுக்கான முதல் கமிட்டிக் கூட்டத்தில் எனக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்திருந்தார்கள். நான்காவது ஸ்லைடிலேயே என் தலைப்பு விழுந்துவிட்டது. "எல்லாம் சரிம்மா, இந்த 17ஏ ரிஜிஸ்டரை உங்களுக்கு யாரு காட்டுவாங்க?" என்று வெளியிலிருந்து வந்திருந்த பேராசிரியர் கேட்டார். 17ஏ என்பது வாக்குச்சாவடியில் வாக்காளர்கள் கையெழுத்திடும் பதிவேடு. நான் ஆர்டிஐ, தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்று ஏதோ முனகினேன். அவர் சிரிக்கக்கூட இல்லை.

நான் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுப்பவள், பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர். 2021 சட்டமன்றத் தேர்தலிலும் 2024 மக்களவைத் தேர்தலிலும் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக இருந்தேன். ராத்திரி பதினொரு மணிக்குச் சீல் வைத்த இயந்திரத்தோடு வண்டிக்குக் காத்துக் கிடந்தபோதுதான், தேர்தல் எப்படி நடத்தப்படுகிறது என்பதையே ஆய்வாக எடுக்கலாமே என்று தோன்றியது. யார் ஜெயித்தார், எந்தச் சாதி யாருக்குப் போட்டது என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். பெட்டியைத் தூக்கிப் போகிறவர்களைப் பற்றி எழுத ஆள் குறைவு.

அப்போது என் கையில் இருந்தவை மூன்று தலைப்புகள்: வாக்குப்பதிவு இயந்திரமும் அதன் மேல் மக்களுக்கு உள்ள நம்பிக்கையும், பணப் பட்டுவாடாவும் செலவுக் கண்காணிப்பும், வாக்காளர் பட்டியலும் அதைத் தயாரிக்கும் பிஎல்ஓக்களும் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்கள்). மூன்றாவதில் வந்து நின்றிருக்கிறேன், அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இயந்திரம்தான் என் முதல் ஆசை. கவர்ச்சியான தலைப்பு, கதையும் நீளமானது. 1982இல் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாகப் பயன்படுத்தினார்கள், 1984இல் உச்ச நீதிமன்றம் சட்டத்தில் இடமில்லை என்று அதைச் செல்லாததாக்கியது, அப்புறம் சட்டத்தைத் திருத்திக் கொண்டுவந்தார்கள், 2001இல் தமிழ்நாட்டில் 234 தொகுதியிலும் வந்துவிட்டது, 2013இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் விவிபேட், அதாவது யாருக்கு ஓட்டு போட்டோம் என்பதைச் சீட்டில் அச்சிட்டு ஏழு விநாடி காட்டும் கருவி, சேர்ந்தது. அந்த ஏழு விநாடிச் சீட்டைப் பார்த்த வாக்காளர்களின் முகத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். காலையில் ஏஜெண்டுகள் முன்னால் ஐம்பது மாதிரி ஓட்டு போட்டு, எண்ணிக் காட்டி, அழித்துவிட்டுத் தொடங்கும் சடங்கு எனக்கு மனப்பாடம். ஆய்வுக்கு இதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன்.

வேண்டியது காகிதம். அதற்குப் பிறகு வருகிறேன்.

பணம் பற்றிய தலைப்பைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதில் இரண்டு மாதத்துக்கு மேல் நான் கால் வைக்கவில்லை. தமிழ்நாட்டில் பொருளுக்குப் பஞ்சமில்லை. 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர் என்று பணத்தால் தேர்தல் நின்றுபோன இடங்களே ஒரு அத்தியாயத்துக்குப் போதும். பறக்கும் படை, நிலையான கண்காணிப்புக் குழு, வேட்பாளர் கொடுக்கும் கணக்கு, அதற்கு எதிராக அலுவலர்கள் வைத்திருக்கும் நிழல் பதிவேடு எல்லாம் உண்டு. சிக்கல் என்னவென்றால் கணக்கில் வருவது வேட்பாளர் காட்ட விரும்பிய செலவு, ஆய்வுக்கு வேண்டியது காட்டாத செலவு. முதலாவதைப் படித்து இரண்டாவதைப் பற்றி எப்படி எழுதுவது என்று எனக்குப் பிடிபடவில்லை. பொருளாதாரம் படித்தவர்களுக்கு வேறு வழி தெரிந்திருக்கலாம். தனியாகக் களத்துக்குப் போகும் பெண் ராத்திரி தெருவில் நின்று யார் கவர் கொடுத்தார்கள் என்று கேட்க முடியுமா என்ற கேள்வியும் இருந்தது.

நான்காவதாக உள்ளாட்சித் தேர்தலும் மனதில் வந்துபோனது. அதை நடத்துவது இந்தியத் தேர்தல் ஆணையம் இல்லை, மாநிலத் தேர்தல் ஆணையம். 2016இல் நடந்திருக்க வேண்டிய ஊரகத் தேர்தல் 2019 டிசம்பருக்குத் தள்ளிப்போனதையும், மீதி ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்ததையும் வைத்தே நல்ல ஆய்வு செய்யலாம். யாராவது எடுங்கள். எனக்கு வழக்குக் கட்டுகளைப் படிக்கும் பொறுமை இல்லை.

சரி, தீர்மானித்தது எது? ஆவணத்தின் ஆயுள். தலைப்பு தேடும்போது இதை யாரும் சொல்லித் தருவதில்லை. எல்லோரும் இலக்கிய இடைவெளி, கருதுகோள், கோட்பாடு என்று போகிறோம். தேர்தல் ஆய்வில் முதலில் பார்க்க வேண்டியது, உங்களுக்கு வேண்டிய காகிதம் எத்தனை நாள் உயிரோடு இருக்கும், அந்த நாட்களில் உங்கள் ஆய்வு எந்தக் கட்டத்தில் இருக்கும் என்பதைத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாக்களித்தவர்கள் கையெழுத்திடும் 17ஏ பதிவேடும், யார் வந்தார் என்று குறியிட்ட பட்டியலும் சீல் வைத்து உள்ளே போய்விடும். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின்படி நீதிமன்றம் சொன்னாலொழிய யாரும் பிரிக்கக் கூடாது, ஓராண்டு முடிந்தால் அழித்துவிடலாம். தேர்தல் மனு போட 45 நாள். யாரும் மனு போடாவிட்டால் இயந்திரம் அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடும். 2024 ஏப்ரல் 26 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் இயந்திரத்தின் நினைவகத்தைச் சரிபார்க்க ஒரு வழி திறந்தது உண்மைதான். ஆனால் அது இரண்டாம், மூன்றாம் இடம் வந்த வேட்பாளருக்கு, அதுவும் முடிவு வந்த ஏழு நாளுக்குள் எழுதிக் கேட்டால். ஆய்வாளருக்கு அந்தக் கதவில் இடமே இல்லை. வாக்குச்சாவடி சிசிடிவி பதிவு கேட்கலாம் என்று நினைத்தால், 2024 டிசம்பரில் அதே நடத்தை விதிகளின் விதி 93ஐத் திருத்தி அதையும் மூடினார்கள், 2025 மே மாதம் மனு இல்லாத இடங்களில் 45 நாளில் அழித்துவிடலாம் என்று அறிவுறுத்தலும் வந்தது.

இந்தப் பக்கம் நம் நாட்காட்டி. சேர்க்கை, பாடத் தாள்கள், தேர்வு, கமிட்டி அமைப்பது, முன்மொழிவு, அதைத் திருத்துவது. எனக்கு இதெல்லாம் சேர்ந்து ஒன்றரை வருடம். பகுதிநேரத்துக்கு இதுவே வேகம் என்றார் நெறியாளர். அதாவது 2024 தேர்தலின் காகிதங்களை ஆராயலாம் என்று கமிட்டி கையெழுத்துப் போடும் நாளில் அந்தக் காகிதங்கள் இருக்காது. இதைத்தான் அந்தப் பேராசிரியர் ஒரே கேள்வியில் கேட்டிருந்தார். எனக்கு உறைக்க மூன்று மாதம் ஆனது.

நடுவில் ஒரு குறுக்குவழி முயன்றேன். எந்தப் பூத்தில் எத்தனை ஓட்டு பதிவானது என்ற 17சி படிவத்தின் நகலை ஏஜெண்டுகளுக்குக் கொடுக்கிறோம், நானே கொடுத்திருக்கிறேன். கட்சிக்காரர்களிடம் வாங்கி எண்ணிக்கை நாளின் இறுதி முடிவுத் தாளான படிவம் 20ஓடு ஒப்பிடலாம் என்று அலைந்தேன். நாற்பது பூத்துக்குக் கேட்டு பதினொன்று கிடைத்தது. அதில் ஒன்றின் பின்பக்கம் டீக்கடைக் கணக்கு. இதை வைத்து ஆய்வேடு எழுத முடியாது.

இப்போது பட்டியலுக்கு வருகிறேன். வாக்காளர் பட்டியல் தேர்தலோடு செத்துப்போவதில்லை. வருடா வருடம் திருத்தம், வரைவு, இறுதி, துணைப் பட்டியல் என்று வந்துகொண்டே இருக்கும். 2022க்குப் பிறகு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என நான்கு தகுதி நாட்கள் வேறு. சேர்க்க 6, நீக்க 7, மாற்ற 8 என்று படிவங்கள் உண்டு, வந்த விண்ணப்பங்களின் பட்டியலை வெளியிட்டாக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இதைச் செய்கிற ஆள் நம் தெருவில் இருக்கிறார். அங்கன்வாடிப் பணியாளர், கிராம உதவியாளர், என் பள்ளியிலேயே பக்கத்து வகுப்பு டீச்சர். பூத்துக்கு ஒருவர். அவர் ஒரு வீட்டைப் பூட்டியிருக்கிறது என்று எழுதுவதா, குடிபெயர்ந்துவிட்டார்கள் என்று எழுதுவதா என்று தீர்மானிக்கிற அந்த ஒரு நிமிடத்தில்தான் வாக்குரிமையே ஊசலாடுகிறது.

இதற்கு வரலாறும் இருக்கிறது. 1951-52 முதல் பொதுத் தேர்தலுக்குப் பட்டியல் எடுத்தபோது, தன் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் பதிந்த சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்களை, பெரும்பாலும் வட மாநிலங்களில், முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் தலைமையிலான ஆணையம் நீக்கிவிட்டது. கணக்கெடுக்கப் போனவர் கதவடியில் என்ன கேட்டார், என்ன எழுதினார் என்பதுதான் அப்போதும் விஷயம்.

குறைகளை மறைக்க மாட்டேன். இணையத்தில் கிடைப்பது பட வடிவப் பிடிஎஃப். தேடக்கூடிய வடிவில் கொடுக்கச் சொல்லி காங்கிரஸ் தலைவர் கமல்நாத் போட்ட வழக்கை 2018இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆகவே எழுத்துணரி மென்பொருள்தான் கதி, அது என் தொகுதியில் பாதி முருகேசன்களை முருகேசனாகவே விடுவதில்லை. புதுப் பட்டியல் ஏறினால் பழையது காணாமல் போகும், அன்றன்றே இறக்கி வைக்க வேண்டும். பட்டியல் திருத்தக் காலத்தில் பிஎல்ஓக்கள் சட்டப்படி ஆணையத்தின் அயல்பணியில் இருப்பவர்கள், பேசப் பயப்படுவார்கள். நேர்காணலைத் திருத்தம் முடிந்த பிறகு வைத்துக்கொண்டால்தான் வாய் திறக்கிறார்கள்.

இரண்டாவது கமிட்டிக்கு ஸ்லைடுகளைக் குறைத்து ஒரே ஒரு அட்டவணை எடுத்துப் போனேன். ஒவ்வொரு ஆய்வுக் கேள்விக்கும் நேரே எந்தக் காகிதம், யார் கையில், எத்தனை நாள் இருக்கும், கிடைக்காவிட்டால் மாற்று என்ன என்று ஐந்து கட்டம். அரை மணி நேரம் அதைச் சுற்றியே பேச்சு ஓடியது. "கோட்பாடு எங்கே, இது பத்திரிகைக்காரங்க வேலை மாதிரி இருக்கே?" என்று ஒருவர் கேட்டார். கீழ்மட்டப் பணியாளரின் விருப்புரிமைதான் கொள்கையாக மாறுகிறது என்ற பொது நிர்வாகக் கோட்பாட்டைச் சொல்லிச் சமாளித்தேன். முழுத் திருப்தி இல்லை அவருக்கு, எனக்கும்தான். "நீங்களே தேர்தல் வேலை பார்த்தவங்க, பாரபட்சம் வராதா?" என்பது அடுத்தது. வரும் என்றேன். அதனால்தான் நான் வேலை பார்த்த தொகுதியை விட்டுவிட்டு வேறு இரண்டு தொகுதிகளை எடுத்திருக்கிறேன், ஒன்று நகரம், ஒன்று ஊர்ப்புறம். துறையின் அனுமதிக் கடிதத்தையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். அரசு ஊழியர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தக் கடிதத்தை முதலிலேயே வாங்கிவிடுங்கள். எனக்கு அதற்கே நான்கு மாதம் ஆயிற்று.

ஒப்புதல் வாங்கி உட்கார்ந்த சில மாதங்களில் எஸ்ஐஆர், அதாவது வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம், வந்தது. 2025 நவம்பரில் வீடு வீடாகக் கணக்கெடுப்புப் படிவம், டிசம்பர் 19 வரைவுப் பட்டியலில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்லை, 2002, 2005 பட்டியல்களை எடுத்து வைத்துக்கொண்டு ஊரே பெற்றோர் பெயர் தேடியது. என் வடிவமைப்பு ஆட்டம் கண்டது. ஆனால் ஆயுள் வாதம் இங்கேயும் காப்பாற்றியது. முந்தைய வருடப் பட்டியல்களை இறக்கி வைத்திருந்ததால் அதே பூத்துக்கு முன், பின் என்று இரண்டு படம் கிடைத்துவிட்டது. இது அதிர்ஷ்டம், திட்டமிட்டேன் என்று பெருமை பேச மாட்டேன்.

இயந்திரத்தை விட மனசில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு என்று நினைக்கிறேன், நான் போய்ப் பார்க்காத வழி. சட்டம் படித்தவராக இருந்தால் நீதிமன்ற ஆவணங்களை எடுங்கள். பரவூர் தீர்ப்பு இன்றும் கிடைக்கிறது. ராதாபுரத்தில் 2016இல் 49 ஓட்டு வித்தியாசத்துக்காக 2019இல் தபால் ஓட்டை மறுபடி எண்ண வைத்த உத்தரவும் கிடைக்கிறது. ஓராண்டில் அழித்துவிடு என்ற விதி அந்தக் கட்டுகளுக்கு இல்லை.